ஐம்பத்திரண்டு நிமிடம்

"நான் இறால் வளர்க்கிற ஆள், தங்கச்சி. நெல்லக் கொல்லுற ஆள் இல்ல."

காலைத் தேநீரை இன்னும் வாயில் வைக்காத யசோதினியிடம், நாற்காலியில்கூட உட்காராமல் இதைச் சொன்னவர் பக்கீர். ஐம்பது வயதிருக்கும். சொந்த ஊர் காத்தான்குடி. மண்டூரில் வாவிக் கரையோரம் இறால் குளம் வைத்திருந்தார். சட்டையின் மேல் பொத்தானை மாறிப் போட்டிருந்தார். அவர் இரவு தூங்கவில்லை என்பதைத் துப்பறியாமலே தெரிந்துகொள்ள முடிந்தது.

மட்டக்களப்பு நகரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது யசோதினியின் அலுவலகம். காப்புறுதிக் கம்பனியொன்றில் பல வருடம் வேலை பார்த்தவள். எரியாத கடைகள் எரிந்துபோன கதைகளைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், பொய்யைத் தனியாக விசாரிப்பதே மேல் என்று வெளியே வந்துவிட்டாள். அவளுடைய உதவியாளன் றிஸ்லானும் காத்தான்குடிக்காரன்தான். ஓட்டோவும் அவனுடையது, வாயும் அவனுடையது. ஓட்டோவுக்காவது பிரேக் உண்டு.

"இருங்க நானா. முதல்ல இருந்து சொல்லுங்க," என்றாள் யசோதினி.

பக்கீர் உட்கார்ந்தார். அவருடைய குளத்துக்குப் பக்கத்தில் அன்னப்பூரணி என்ற அம்மாவின் பதினெட்டு ஏக்கர் வயல். வயலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு அணைக்கட்டு, அதில் துருசு என்கிற ஒரு மதகு. கோடை மாதங்களில் வாவித் தண்ணீர் உவர்ப்பாகிவிடும் என்பதால் துருசுக் கதவை இறுக்கி மூடிவைப்பார்கள். கதவைச் சுழற்றித் திறக்க ஒரு இரும்புக் கைபிடி வேண்டும். கைபிடிகள் இரண்டு. ஒன்று அன்னப்பூரணி வீட்டுச் சுவரில் தொங்கியது, மற்றது பக்கீரிடம் இருந்தது.

"போன வெள்ளிக்கிழமை கோயில் திருவிழா. ஊரே கோயில்ல. பின்னேரம் ஆக்கள் திரும்பி வந்து பாத்தா கதவு திறந்து கிடக்கு. வயல் வட்டை முழுக்க உப்புத் தண்ணி. நெல்லு கதிர் வெளிய வராம குடலையில நிக்கிற நேரம்."

"நீங்க எங்க நிண்ட?"

"எண்ட குளத்திலதான். இறாலுக்குக் காத்தடிக்கிற மோட்டர் ஓடிக்கிட்டிருந்தா பக்கத்தில யானை வந்தாலும் கேக்காது. தீனி போட்டுட்டு, தொழுதுட்டு, குடிலுக்குள்ள கொஞ்சம் கண்ணயந்துட்டன்."

"அன்னப்பூரணியம்மா வீட்டுக் கைபிடிய ஆரும் எடுத்திருக்கலாமே?"

"வீட்டில இருக்கிறது அவங்களும், அவங்கட தங்கச்சிர மகன் மதுரனும்தான். அவங்க கோயில்ல. மதுரன் எயார்போர்ட்டுக்குப் போயிட்டான், யாழ்ப்பாணத்திலருந்து வாற அவங்கட மகன் ஜெயரூபனக் கூட்டி வர. ஒருத்தன் ஆகாயத்தில, மத்தவன் எயார்போர்ட்டில. மிச்சம் நான்தான்."

"பொலிஸ்?"

"நாளைக்கு வரச் சொல்லியிருக்கு. அதக்கூடத் தாங்குவன்." பக்கீர் மாறிப் போட்ட பொத்தானை இப்போதுதான் கண்டு, கழற்றிச் சரியாகப் போட்டார். "இத்தனை வருசமா அவங்கட வீட்டுத் தேத்தண்ணி குடிச்ச ஆள் நான். நேத்து வரம்பில என்னக் கண்டுட்டு முகத்தத் திருப்பிட்டாங்க."

றிஸ்லான் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டான். அவன் அப்படி மூடியது அந்த மாதத்தில் அதுதான் முதல் தடவை.

*

குருமண்வெளித் துறையில் 'பாதை' நின்றது. வாவியைக் கடந்து மண்டூருக்கு ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப்போகும் பெரிய மிதவை அது. ஓட்டோவை அதில் ஏற்றிவிட்டு றிஸ்லான் இறங்கி நின்று காற்று வாங்கினான்.

"அக்கா, எனக்கொரு யோசனை. பக்கீர் நானா கதவத் திறந்திருந்தா, அவர்ட குளத்துக்கு என்ன லாபம்?"

"ஒண்டுமில்ல. குளத்துக்கு வேற வாய்க்கால் இருக்கு."

"அப்ப பொலிஸுக்கு இது விளங்காதா?"

"ஊரே கோயில்ல நிக்கேக்க வயல்ல நிண்ட ஆள் ஒராள்தான். அது விளங்குறது லேசு."

அன்னப்பூரணி வீட்டு விறாந்தையில் அவர்களுக்குக் கதிரை போடப்பட்டது. அன்னப்பூரணி அறுபதைத் தொட்டவர், உயரமானவர். பயிர் போன துக்கத்தில் குரல் கம்மியிருந்தது. ஆனால் மகன் விமானத்தில் வந்ததைச் சொல்லும் இடத்தில் மட்டும் குரல் தானாகத் தெளிந்தது.

"மண்டூரில பிளேன் ஏறி வீட்டுக்கு வந்த முதல் ஆள் எண்ட மகன்தான், புள்ள. இப்ப ஒரு சின்னக் கொம்பனி யாழ்ப்பாணத்திலருந்து மட்டக்களப்புக்குப் பறக்குதாமே. நான்தான் சொன்னன், திருவிழாவுக்கு அதில வா எண்டு. கோயில்ல எல்லாருக்கும் சொல்லி வச்சிருந்தன். அந்த நாளாப் பாத்து இப்பிடி நடந்துட்டே."

"பக்கீர் நானா செஞ்சிருப்பார் எண்டு நினைக்கிறீங்களா அம்மா?"

அன்னப்பூரணி வயல் இருந்த திசையைப் பார்த்துவிட்டு, "அப்ப மறுகா வேற ஆர்?" என்று மட்டும் கேட்டார்.

ஜெயரூபன் வெளியே வந்தான். யாழ்ப்பாணத்தில் வங்கி வேலை. முப்பது வயது. தலைமயிர் புதிதாக வெட்டி, காதோரம் கோடு போட்டமாதிரி இருந்தது.

"பிரயாணம் எப்பிடி தம்பி?" என்றாள் யசோதினி.

"சொகுசு. ரெண்டு மணிக்கு வெளிக்கிட்டுது. ஐம்பத்திரண்டு நிமிசத்தில மட்டக்களப்பு. ஹோஸ்டஸ் புள்ள டொபியும் தந்திச்சு."

"என்ன டொபி?" என்றான் றிஸ்லான்.

ஜெயரூபன் சற்றே தடுமாறினான். "இஞ்சி டொபி."

"அம்புட்டு உயரத்திலயும் இஞ்சி டொபிதானா. பஸ்ஸில விக்கிறதும் அதுதான்."

ஜெயரூபன் சிரிக்கவில்லை. அம்மா வயலை விட்டுவிட்டுத் தன்னோடு யாழ்ப்பாணத்தில் வந்து தங்கலாம், இந்த வயதில் இந்த அலைச்சல் எதற்கு என்று பேச்சை வேறு பக்கம் திருப்பினான். "நான் போனா வயல ஆர் பாக்கிற?" என்றார் அன்னப்பூரணி. அது அந்த வீட்டில் பலமுறை ஓடிய பேச்சு என்பது இரண்டு பேரின் குரலிலும் தெரிந்தது.

மதுரன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். இளைஞன், சிரித்த முகம். வந்தவர்களுக்குத் தானே தேநீர் கொண்டுவந்து வைத்தான்.

"மூணு மணிக்கு எட்டு நிமிசம் இருக்கேக்க பிளேன் தரையில தட்டிச்சு, அக்கா. கம்பி வேலிக்கிட்ட நிண்டு பாத்த நான். அண்ணன ஏத்திக்கிட்டு நேரா வீடு."

"நேரத்த நல்லா ஞாபகம் வச்சிருக்கிறீங்க."

"மணிக்கூடு பாக்கிற பழக்கம்."

"இவனுக்கு வேற பழக்கமும் இருக்கு," என்றார் அன்னப்பூரணி. "எண்ட வட்டைக்குள்ள குடில் கட்டிச் சுற்றுலா வாற வெள்ளைக்காரனப் படுக்க வைக்கப் பாக்கிறான். நான் உயிரோட இருக்கிற வரைக்கும் அங்க நெல்லுத்தான் படுக்கும் எண்டு சொல்லிட்டன்."

மதுரனும் சேர்ந்து சிரித்தான். யசோதினி தேநீரைக் குடித்து முடித்து, சுவரில் தொங்கிய கைபிடியை எட்டிப் பார்த்தாள். துடைத்துச் சுத்தமாக இருந்தது. வீட்டில் உள்ள மற்ற இரும்பெல்லாம் துருப்பிடித்திருந்தது.

*

ஓட்டோ மீண்டும் நகரை நோக்கி ஓடியது.

"எயார்போர்ட்டுக்கு விடு," என்றாள் யசோதினி.

"எங்க பறக்கப் போறம்?"

"ஐம்பத்திரண்டு நிமிசம் எண்டது எனக்கு இடிக்குது. பஸ்ஸில வந்த ஆக்களிட்ட எவ்வளவு நேரம் எண்டு கேட்டா என்ன சொல்லுவாங்க?"

"ஏழெட்டு மணித்தியாலம் எண்டு சொல்லுவாங்க. கோவத்தில இருந்தா பத்து எண்டு சொல்லுவாங்க."

"ஒருத்தரும் ஏழு மணித்தியாலம் பதிமூணு நிமிசம் எண்டு சொல்ல மாட்டாங்க. பிரயாணம் செஞ்ச ஆள் குத்துமதிப்பாத்தான் சொல்லுவான்."

விமான நிலையத்தில் அந்தச் சிறிய விமானம் வெயிலில் நின்றது. அதன் இறக்கை நிழலில் மடிப்புக் கதிரை போட்டு ஒரு இளம்பெண் ரம்புட்டான் உரித்துக்கொண்டிருந்தாள். தலையில் முக்காடு, தோளில் கோடுகள் போட்ட வெள்ளைச் சட்டை. ஓட்டமாவடியைச் சேர்ந்த கப்டன் ஸுஹைனா. யசோதினியின் பழைய காப்புறுதி நண்பர் ஒருவர் தொலைபேசியில் சொல்லிவைத்ததால் அவர்களை உள்ளே விட்டிருந்தார்கள்.

றிஸ்லான் விமானத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "நீங்களா இத ஓட்டுற?"

"நீதானே அந்த ஓட்டோவ ஓட்டுற? நான் கேட்டனா?"

யசோதினிக்கு அந்தப் பெண்ணை உடனே பிடித்துப்போயிற்று.

"பயணிகள்ட பேர் விபரம் ஒண்டும் கேக்க வேணாம் அக்கா. சொல்ல மாட்டன்," என்றாள் ஸுஹைனா.

"பேர் வேணாம் தங்கச்சி. யாழ்ப்பாணத்திலருந்து இஞ்ச வர உங்களுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"இந்தக் கச்சான் காத்துக்கு ஒண்டரை மணித்தியாலம். காத்து கோவமா இருந்தா இன்னும் கூட."

"ஐம்பத்திரண்டு நிமிசத்தில வர ஏலாதா?"

உரித்த ரம்புட்டான் ஸுஹைனாவின் வாய்க்கு முன்னால் நின்றது. "ஆர் சொன்ன?"

இதற்குள் றிஸ்லான் தன் கைத்தொலைபேசியில் தேடிப் பிடித்துவிட்டான். இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரமும் நேரமும் சொல்லும் ஒரு இணையப் பக்கம். "வான் வழித் தூரம் இருநூத்தித் தொண்ணூறு கிலோமீற்றர் சொச்சம். பறக்கும் நேரம், ஐம்பத்திரண்டு நிமிசம்."

ஸுஹைனா அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இது ரெண்டு எயார்போர்ட்டுக்கும் நடுவில நூல் பிடிச்சமாதிரி ஒரு கோட்டப் போட்டு, பெரிய ஜெட் விமானத்திட வேகத்தில வகுத்து, ஏற இறங்க எண்டு அரை மணித்தியாலத்த மேல போட்ட கணக்கு. ஆரு எந்த ஊரக் கேட்டாலும் இப்பிடித்தான் சொல்லும். இந்தப் பக்கத்துக்கு எண்ட பிளேனத் தெரியாது."

"வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு நீங்க எங்க?"

"ரெண்டு மணிக்கு யாழ்ப்பாணத்திலருந்து எழும்பினன். மூணு மணிக்குத் திருகோணமலைக்குப் பக்கத்தில, கடலுக்கு மேல. இஞ்ச இறங்கேக்க மூணரையும் தாண்டிட்டு."

"ஹோஸ்டஸ்?" என்றான் றிஸ்லான்.

"உள்ள எட்டிப் பாரு. ஆறு சீட்டு. ஹோஸ்டஸ் வேணுமெண்டா ஒரு பயணிய இறக்கிட்டுத்தான் ஏத்தணும்."

"டொபி?"

"டொபி எண்ட பையில இருக்கு. கேட்டாத் தருவன். இதுவரைக்கும் ஆரும் கேட்டதில்ல." அவள் பையைத் துழாவி ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினாள். புளி டொபி.

வெளியே வந்து ஓட்டோவில் ஏறியதும் றிஸ்லான் அதை வாயில் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னான். "ஜெயரூபன் பிளேன் ஏறல்ல. மதுரன் பிளேனக் காணல்ல."

"எப்பிடிச் சொல்லுற?"

"சாதாரண தரப் பரீட்சையில கணக்குப் பாடத்தில எனக்கும் பக்கத்து மேசைப் பொடியனுக்கும் ஒரே விடை வந்திச்சு. சரியான விடையா இருந்தா மாஸ்டர் ஒண்டும் சொல்லியிருக்க மாட்டார். ரெண்டு பேருக்கும் ஒரே பிழை. அதில பிடிபட்டம்."

யசோதினி அவனைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தாள். "அதேதான். ரெண்டு பேரும் ஒரே பக்கத்தப் பாத்துப் படிச்சிருக்காங்க."

"அப்ப ரெண்டு பேரும் சேந்து கதவத் திறந்திருக்காங்க. வயல் போனா அம்மா மகனோட யாழ்ப்பாணம் போவாங்க. வழக்கு முடிஞ்சுது. சாப்பிடுவமா?"

"சாப்பிடுவம். முடிஞ்சுதெண்டு இன்னும் சொல்லாத."

சோற்றுக் கடையில் இருந்தபடியே அவள் ஜெயரூபனுக்குத் தொலைபேசி எடுத்து, குருமண்வெளித் துறைக்கு வரச் சொன்னாள்.

*

துறையடியில் பாதைக்காக நாலைந்து பேர் நின்றார்கள். மண்டூர்ப் பக்கத்திலிருந்து பாதை வந்து தட்டியது. அதில் ஜெயரூபன் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, வாவிக்கு எதிர்ப்பக்கமாகப் பிரதான வீதியிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. ஜெயரூபன்.

"பட்டிருப்புப் பாலத்தால சுத்தியா வந்தீங்க?" என்றாள் யசோதினி.

"ஓம். அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்திச்சு."

"பாதையில வந்தா கொஞ்ச நேரம்தான். சரி, திரும்பிப் போகேக்க பாதையில ஒண்டாப் போவம். போய்க்கிட்டே கதைக்கலாம்."

ஜெயரூபன் தண்ணீரைப் பார்த்தான். அலைகூட இல்லாத தண்ணீர். மிதவையில் ஒரு ஆடு நின்று எதையோ மென்றுகொண்டிருந்தது. அவனுடைய நெற்றியில் வியர்வை பூத்தது.

"நான் பாலத்தாலயே வாறனே, அக்கா."

யசோதினி குரலைத் தாழ்த்தினாள். "தம்பி, கால் நிலத்தில இல்லாட்டி உங்களுக்குப் பயம். அப்பிடித்தானே?"

ஜெயரூபன் துறையடிக் கல்லில் உட்கார்ந்தான்.

"சின்ன வயசில இருந்தே. பாதை, கிணத்துக்கட்டு, மாடி, ஒண்டும் ஏலாது. அம்மா பிளேனுக்குச் சீட் போட்டுட்டு ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. எப்பிடி மாட்டன் எண்டு சொல்ல? வெள்ளன பஸ் எடுத்து வந்துட்டன்."

"வந்து?"

"மட்டக்களப்பில இறங்கி, கல்முனை பஸ்ஸில களுவாஞ்சிகுடிக்கு வந்தன். பிளேன் வாற நேரம் வரைக்கும் வீட்டுக்குப் போக ஏலாதே. சலூனுக்குள்ள இருந்தன். சும்மா இருக்க விடல்ல, தலைய வெட்டிட்டாங்க. மறுகா சவரம். மறுகா முகத்துக்கு என்னவோ பூசினாங்க."

"அங்க எவ்வளவு நேரம்?"

"மதுரன் வந்து ஏத்துற வரைக்கும். சலூன்காரரக் கேட்டுப் பாருங்க, எண்ட கதையெல்லாம் அவருக்குத் தெரியும்."

றிஸ்லானின் முகம் விழுந்தது. அவன் முடித்த வழக்கு சலூன் கதிரையில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தது.

"அந்த ஐம்பத்திரண்டு நிமிசம்?" என்றாள் யசோதினி.

"மதுரன்தான் இணையத்தில பாத்து அனுப்பினான். அம்மா கேட்டா இதையே சொல்லுங்க அண்ணா, நானும் அதையே சொல்லுறன் எண்டு. நல்ல பொடியன். நான் வெக்கப்படக் கூடாதெண்டு அம்புட்டும் பாத்துச் செஞ்சான். நீங்க ஆரிட்டயும் பஸ் எண்டு வாய் திறக்காதீங்க எண்டு சத்தியம் வாங்கினான். டொபி மட்டும் நான் சேத்தது."

"அவர் வந்து ஏத்தினது எத்தனை மணிக்கு?"

"சரியாத் தெரியாது. பிந்தித்தான் வந்தான். நான் கொஞ்சம் கோவப்பட்டன். பாவம், அவனுக்கும் கரைச்சல். மோட்டச் சைக்கிள்ல ஏறேக்க பாக்கிறன், முழங்கால் வரைக்கும் சேறு. என்னடா இது எண்டு கேட்டன். எயார்போர்ட் வாசல்ல தண்ணிப் பைப் உடைஞ்சு ஒரே சேறு, அண்ணா எண்டான்."

யசோதினி றிஸ்லானைப் பார்த்தாள். றிஸ்லான்தான் மெதுவாகக் கேட்டான்.

"எங்க பைப் உடைஞ்ச?"

"எயார்போர்ட் வாசல்ல."

"நீங்க சலூன்ல இருக்கிறீங்க எண்டு அவருக்குத் தெரியுமே?"

"தெரியுமே. நானே கோல் எடுத்துச்..." ஜெயரூபன் நிறுத்தினான்.

பாதைக்காரர் மணியடித்தார். ஆடு ஒரு அடி நகர்ந்தது.

"கூட்டி வர ஆளில்லாத எயார்போர்ட்டுக்கு மதுரன் எதுக்குப் போகணும்?" என்றாள் யசோதினி. "ஊரெல்லாருக்கும் அந்தக் கதையச் சொல்லிச் சொல்லி, அது பொய்யெண்டு தெரிஞ்ச ஒரே ஆளிட்டயும் வாய் தவறி அதையே சொல்லிட்டார்."

ஜெயரூபன் கல்லைவிட்டு எழப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தான். தன் பயத்தை மறைக்க உதவி செய்த தம்பியைத்தான் அவன் இத்தனை நாளும் காப்பாற்றிக்கொண்டிருந்தான். தம்பியின் வேலை முடிய அண்ணனின் பயம் தேவைப்பட்டிருந்தது.

"பக்கீர் நானாவ நாளைக்குப் பொலிஸ் கூப்பிட்டிருக்கு," என்றாள் அவள். "அம்மாட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா அவங்க நம்ப மாட்டாங்க."

ஜெயரூபன் எழுந்தான். மோட்டார் சைக்கிளைப் பார்த்தான், பாதையைப் பார்த்தான். பிறகு றிஸ்லானின் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, மிதவையில் காலை வைத்தான். மறுகரை தட்டும் வரை கண்ணைத் திறக்கவில்லை. றிஸ்லானும் வழி நெடுக ஒரு பகிடிகூட விடவில்லை. ஆனால் மறுநாள் தோளில் நகக்குறி இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

*

விறாந்தையில் மதுரன் அன்னப்பூரணிக்குப் பக்கத்தில் இருந்தான். யசோதினியைக் கண்டதும் தேநீர் போட எழுந்தான்.

"இருங்க. தேத்தண்ணி பிறகு," என்றாள் அவள். "ஒரு சின்ன விசயம். வெள்ளிக்கிழமை எயார்போர்ட் வாசல்ல பைப் உடைஞ்சிருந்ததா?"

மதுரன் ஒரு கணம் யோசித்தான். "ஓம் அக்கா. ஒரே சேறு."

"அம்மா," என்றான் ஜெயரூபன்.

அவன் குரல் சரியாக வரவில்லை. பஸ்ஸில் வந்ததையும், சலூனில் ஒளிந்திருந்ததையும், பாதையில் ஏறக்கூடப் பயப்படுவதையும் தரையைப் பார்த்தபடி சொன்னான். அன்னப்பூரணி கேட்டுக்கொண்டிருந்தார். கோயிலில் எத்தனை பேரிடம் மகனின் விமானப் பயணத்தைச் சொன்னோம் என்று அவர் நினைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் கதை முடிந்ததும் அவர் திரும்பியது மகனின் பக்கமல்ல.

"அப்ப நீ எயார்போர்ட்டில என்ன செஞ்ச, மதுரன்?"

மதுரன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"இவன் களுவாஞ்சிகுடியில. உனக்கும் அது தெரியும். மறுகா எந்தச் சேத்தில நிண்ட?"

யசோதினி எழுந்துபோய்ச் சுவரிலிருந்த கைபிடியைக் கழற்றி அவன் முன்னால் வைத்தாள். "நல்லாத் துடைச்சு வச்சிருக்கிறீங்க. இந்த வீட்டில துடைச்சுக் கிடக்கிற இரும்பு இது ஒண்டுதான்."

மதுரன் கைபிடியைக் கையில் எடுத்தான்.

"ஒரு போகம் தவறினா நீங்க இறங்கி வருவீங்க எண்டு நினைச்சன், பெரியம்மா," என்றான் கடைசியில். "குடில் கட்ட இடம் தாறன் எண்டு ஆக்களிட்டச் சொல்லிட்டன். அவங்க வந்து வந்து கேக்கிறாங்க. கொஞ்சமாத்தான் திறந்தன். தண்ணி அம்புட்டு வேகமா வரும் எண்டு எனக்குத் தெரியாது. பக்கீர் நானாவப் பிடிப்பாங்க எண்டும் நினைக்கல்ல."

"பிடிச்ச பிறகு?" என்றாள் யசோதினி.

மதுரன் கைபிடியைக் கீழே வைத்தான்.

"நான் அவனப் பாத்து முகத்தத் திருப்பினன்," என்றார் அன்னப்பூரணி. "உனக்குப் பக்கத்தில இருந்து சோறு போட்டன். அவனப் பாத்து முகத்தத் திருப்பினன்." அவர் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "நாளைக்குப் பக்கீருக்குப் பதிலா நீ போற. நானும் வருவன். நீ உண்ட வாயால சொல்லுறத நான் கேக்கணும்."

மதுரன் தலையாட்டினான். அன்னப்பூரணி செருப்பைக்கூடப் போடாமல் வாசலைத் தாண்டி வயல் பக்கம் நடந்தார். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

பின்னேர வெயில் அணைக்கட்டில் சாய்ந்து கிடந்தது. பக்கீர் தன் குளத்தோரம் ஒரு மோட்டரைத் திறந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். அன்னப்பூரணி வருவதைக் கண்டும் நிமிரவில்லை.

"பக்கீர்."

அவர் முடுக்கியபடியே இருந்தார்.

"மதுரன்தான் திறந்திருக்கிறான். நாளைக்கு நீ பொலிஸுக்குப் போகத் தேவல்ல."

"ம்."

"நான் அண்டைக்கு வரம்பில உன்னக் கண்டுட்டு..." அன்னப்பூரணி தொடங்கினார். வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. மீண்டும் தொடங்கினார். அதுவும் அதே இடத்தில் நின்றது.

பக்கீர் ஸ்பனரைக் கீழே வைத்தார். வரம்பைத் தாண்டி வயலுக்குள் இறங்கி, ஒரு நெற்பயிரைப் பிடுங்கி, தண்டை நகத்தால் கிழித்துப் பார்த்தார். பிறகு வேறு இடத்தில் இன்னொன்று. இரண்டாவதைக் கொண்டுவந்து அன்னப்பூரணியின் கையில் கொடுத்தார்.

"குருத்து இன்னும் பச்சையா இருக்கு, அக்கா. ஓரத்தில நிக்கிறது தப்பாது. நடு வட்டை தப்பலாம். வாய்க்கால் நல்ல தண்ணிய உள்ள விட்டு, உப்புத் தண்ணிய வெளிய இறைக்கணும். திரும்பத் திரும்ப இறைக்கணும். எண்ட மோட்டர்ல ஒண்டக் கழட்டிக் கொண்டு வந்து தண்ணிப் பம்பில பூட்டுறன்."

"உண்ட இறாலுக்குக் காத்து?"

"மத்தது இருக்கு. இறாலும் கொஞ்சம் மூச்சுப் பிடிச்சுப் பாக்கட்டும்."

"நாளைக்குக் காலம்பறச் செய்வமா?"

"நாளைக்கெண்டா இதுவும் மஞ்சளாப் போயிடும். இப்ப."

அன்னப்பூரணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார். ஜெயரூபன் புதிதாக வெட்டிய தலையோடு மோட்டரின் ஒரு பக்கத்தைத் தூக்கினான். மறுபக்கம் யாருமில்லை. எல்லோரும் றிஸ்லானைப் பார்த்தார்கள்.

"நான் துப்பறியுறதுக்கெண்டுதான் வேலைக்குச் சேந்த," என்றான் அவன்.

"ஹோஸ் எங்க ஒழுகுதெண்டு துப்பறி," என்றாள் யசோதினி. அவளும் செருப்பைக் கழற்றினாள்.

மோட்டர் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. குழாயின் வாயிலிருந்து கலங்கல் தண்ணீர் அணைக்கட்டைத் தாண்டி வாவிக்குள் விழத் தொடங்கியது. பொழுது சாயும்வரை அது விழுந்துகொண்டே இருந்தது. நடுவில் அன்னப்பூரணி குனிந்து, வரப்போரத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இன்னும் உப்புத்தான், பக்கீர். நாளைக்கும் இறைக்கணும்."

"இறைப்பம், அக்கா," என்றார் பக்கீர்.